இருபத்தோர் இழையும் ஒரு கணக்கு வகுப்பும்

நாச்சியாபுரத்தில் நான் கணிதம் கற்பிக்கத் தொடங்கிய புதிது. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் ஏழாம் வகுப்புக்கு ஒரு தேர்வு வைத்தேன். அன்று வராத மாணவியை மறுநாள் எழுப்பிக் காரணம் கேட்டேன்.

"பிள்ளையார் நோன்பு சார்."

"அது நகரத்தார் வீட்டு நோன்பாயிற்றே. உனக்கென்ன?"

அவள் தலைகுனிந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவள்தான் பதில் சொன்னாள். "இவங்க அம்மா ஆச்சி வீட்டுல வேலை பாக்குறாங்க சார். நோன்பன்னிக்கு விடியக்காலமே போயிருவாங்க. இவதான் தம்பியப் பாத்துக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "லீவுக்கு முன்னாடியே சொன்னேன் சார். ஆச்சி நாள் எண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு" என்றாள் அவள் மெதுவாக. சொல்லியிருந்தாள். நான்தான் காதில் வாங்கவில்லை. வேறொரு நாளில் அவளுக்குத் தேர்வு வைப்பதாகச் சொல்லிவிட்டு, "ஆச்சி எப்படி எண்ணுவார்?" என்று கேட்டேன்.

ஆச்சியின் கணக்கு

பெரிய கார்த்திகை முடிந்ததும் ஆச்சி புதுத் துணியிலிருந்து நாளுக்கு ஓர் இழை நூல் எடுத்து வைப்பாராம். இருபத்தோர் இழை சேர்ந்ததும் திரியாக்கி, வெல்லம் சேர்த்த பச்சரிசி மாவில் வைத்து ஏற்றுவார்கள். பிள்ளையாரை வணங்கி, வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, சுடரோடு அந்த இழையை ஒவ்வொருவரும் வாயில் இட்டுக்கொள்வார்கள். நகரத்தார் எந்த நாட்டில் இருந்தாலும் விடாமல் செய்யும் வழிபாடு இது. மார்கழியில் சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளே நோன்பு நாள்.

ஏன் இருபத்தொன்று? கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம்.

திதிகள் மொத்தம் 30. வளர்பிறைப் பிரதமையை 1 என்று கொண்டால் பௌர்ணமி 15. கார்த்திகைப் பௌர்ணமியிலிருந்து 21 திதி கடந்தால் 36. அதில் 30 போக மீதி 6. ஆறாவது திதி சஷ்டி.

நட்சத்திரங்கள் 27. அசுவினியிலிருந்து எண்ணினால் கார்த்திகை 3ஆவது. அதனுடன் 21 கூட்டினால் 24. இருபத்து நான்காவது நட்சத்திரம் சதயம்.

இரண்டு வழியிலும் விடை சரியாக வந்தபோது வகுப்பே ஆரவாரித்தது. ஆச்சி நூலை வைத்துச் செய்ததும் நான் பாடப்புத்தகத்தை வைத்து நடத்திய மீதிக் கணக்கும் ஒன்றே.

ஒரு சிறு திருத்தம் உண்டு. ஒரு திதி சராசரியாக 23 மணி 37 நிமிடம். நட்சத்திரம் 24 மணி 17 நிமிடம். சந்திரனின் வேகமும் சீரானதல்ல. எனவே விரல்விட்டு எண்ணும் நாள் சற்று முன்பின் ஆகலாம். அதனால்தான் பஞ்சாங்கமும் தேவைப்படுகிறது.

தைப்பூசம் ஏன் நகர்கிறது?

அடுத்த கேள்வி ஒரு மாணவனிடமிருந்து வந்தது. "பொங்கல் மட்டும் அதே தேதியில வருது. தைப்பூசம் ஏன் சார் மாறிக்கிட்டே இருக்கு?"

எங்கள் பிள்ளைகளுக்குத் தைப்பூசம் கண்முன் நடக்கும் நிகழ்ச்சி. நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடந்து செல்கின்றன.

பொங்கல் சூரியனைச் சார்ந்தது. சூரியன் மகர ராசியில் நுழையும் நாள் ஜனவரி 14 அல்லது 15. தைப்பூசத்துக்கோ சூரியன், சந்திரன் இரண்டும் வேண்டும். தை மாதத்தில் சூரியன் மகரத்தில் இருக்கிறது. பௌர்ணமியன்று சந்திரன் அதற்கு நேரெதிரே கடகத்தில் இருக்கும். பூச நட்சத்திரம் அங்கேதான் உள்ளது. மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் எல்லாம் இதே அமைப்புதான். இந்த விழாக்களில் மாதப் பெயரோடு சேரும் நட்சத்திரத்தின் அருகில் முழுநிலவு இருக்கிறது என்று பொருள்.

பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு 354 நாள். ஆண்டுக்கோ 365. எனவே விழா ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே வரும். தை மாதத்தைத் தாண்டிப் போகும் நிலை வந்தால், அடுத்த முழுநிலவுக்குத் தள்ளிப்போகும். 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1 எனத் தைப்பூசம் வந்தது இப்படித்தான்.

எல்லார் வீட்டு நிலவு

"எங்க ரம்ஜானும் முன்னாடி முன்னாடி வருது சார்" என்றான் ஒருவன். இஸ்லாமிய ஆண்டு முழுவதும் சந்திரனையே சார்ந்தது. சூரிய மாதத்தோடு அதைக் கட்டுவதில்லை. எனவே ரம்ஜான் பின்வாங்காமல் நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். ஈஸ்டரோ மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு. 2025இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, ஈஸ்டர் ஏப்ரல் 20. இரண்டையும் முடிவு செய்தது ஒரே முழுநிலவு.

வகுப்பில் செய்து பார்க்க

* பழைய தினசரி நாட்காட்டிகள் மூன்றைக் கொண்டுவரச் சொல்லி, ஒரே விழாவின் தேதிகளை அட்டவணைப்படுத்தச் செய்யலாம். வித்தியாசம் ஏறக்குறைய 11 ஆகவோ 18 ஆகவோ வருவதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.
* தைப்பூச மாலையில் சூரியன் மறையும்போது கிழக்கே பார்க்கச் சொல்லலாம். எதிர்த்திசையில் நிலவு எழுவதை அவர்களே காண்பார்கள்.
* வீட்டில் பெரியவர்கள் நாள் கணிக்கும் முறையைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம்.

நான் செய்வது இன்னொன்றும் உண்டு. ஜூன் மாதத்திலேயே ஊரின் விழா நாள்களைப் பிள்ளைகளைக் கொண்டே குறித்து வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். அன்று யார் வீட்டில் கொண்டாட்டம், யார் வீட்டில் கூடுதல் வேலை என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். தேர்வுத் தேதிகளை அதன் பிறகே எழுதுகிறேன்.

அந்த முதல் அட்டவணையில் நோன்பு நாளைக் குறித்தவள், அன்று தலைகுனிந்து நின்ற மாணவிதான்.