மானுக்குப் பிணையும் ஒரு கேள்வியும்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாவில், தமிழ் ஆசிரியையான நான் என் வீட்டிலேயே தோற்றேன். வட்ஸ்அப்பில் வந்த செயலட்டைகளை மகன் மளமளவென்று நிரப்புவான். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவிராது.

செயலட்டையை ஒதுக்கிவிட்டுச் சீறாப்புராணத்தை எடுத்தேன். உமறுப்புலவரின் 'மானுக்குப் பிணை நின்ற படலம்'. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், குட்டிக்குப் பாலூட்டி வரத் தவணை கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) பிணை நிற்கிறார்கள். மான் குட்டியோடு திரும்பி வருகிறது.

நாளுக்கு இரண்டு மூன்று செய்யுள். நான் வாசித்துப் பொருள் சொல்வேன். அவன் தன் சொல்லில் திருப்பிச் சொல்வான். வீட்டுக்கல்விக்கு இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842-1923) வகுத்த வழியும் இதுதான்.

அதன்பின் ஒரு திறந்த கேள்வி. 'பிணை என்றால் என்ன?' என்று கேட்டால் ஒரே விடை, பேச்சு முடிந்துவிடும். நான் கேட்டது: "மான் வரும்வரை வேடன் என்ன நினைச்சிருப்பான்?"

"உம்மா, வேடன்ட ஊட்டுலயும் புள்ளைகள் பசியோட இருந்திருக்கும் தானே?"

ஊரடங்கால் அடுத்த வீட்டில் உழைப்பில்லாத நாட்கள் அவை. அன்று அவன் வேடனின் வீட்டை வரைந்தான், அடுப்பில் நெருப்பில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கு அரிசி அனுப்ப எனக்குத் தோன்றியது.

இலங்கையில் 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். பாடசாலைக்கு இது மாற்றல்ல. மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம் போதும். கேள்வியைக் கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு அதுதான் கஷ்டம்.