ஐயெல்ட்ஸ் ரீடிங்: 60 நிமிடம், 40 கேள்வி... 7 பேண்ட் எடுப்பது எப்படி?

பேசுவதில் பயம் இல்லை, எழுதுவதிலும் ஓரளவு தேறிவிடலாம். ஆனால் ரீடிங்கில் மட்டும் 6.5-லேயே நிற்கிறது. ஐயெல்ட்ஸ் எழுதிய பலர் சொல்லும் புலம்பல் இது. பிரிட்டனில் நர்ஸ் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்த அரை பேண்ட் பெரிய விஷயம். அங்குள்ள நர்சிங் கவுன்சில் ஐயெல்ட்ஸ் அகாடமிக் தேர்வில் ரைட்டிங்கில் 6.5 இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 கண்டிப்பாக வேண்டும்.

அப்படியென்றால் ரீடிங்கில் எங்கே சறுக்குகிறோம்? எப்படித் தயாராக வேண்டும்? பார்க்கலாம்.

தேர்வு எப்படி இருக்கும்?

அகாடமிக் ரீடிங்கில் மூன்று நீண்ட கட்டுரைகள் வரும். மூன்றும் சேர்த்து 2,150 முதல் 2,750 வார்த்தைகள் வரை இருக்கும். மொத்தம் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். நேரம் 60 நிமிடம்தான். பேப்பர் தேர்வில் லிசனிங்குக்கு விடைகளை எடுத்து எழுத 10 நிமிடம் தனியாகக் கிடைக்கும். ரீடிங்கில் அது கிடையாது. அதனால் விடையை உடனுக்குடன் விடைத்தாளில் எழுதிவிட வேண்டும்.

எத்தனை சரியாக இருந்தால் எத்தனை பேண்ட்? 40-க்கு சுமார் 23 சரி என்றால் 6, 30 என்றால் 7, 35 என்றால் 8. வினாத்தாளைப் பொறுத்து இது சற்று மாறலாம். அதாவது 6.5-க்கும் 7-க்கும் இடையே இருப்பது சில நேரம் ஒன்றிரண்டு கேள்விகள்தான்.

முழுசா படிக்காதீங்க!

பள்ளியில் பழகியபடி முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தால் நேரம் போதாது. முதலில் தலைப்பையும், ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் பாருங்கள். எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்பது 2 நிமிடத்தில் பிடிபடும். பிறகு கேள்விக்குப் போய், அதற்குரிய இடத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். பெயர், ஆண்டு, எண் போன்றவை இருந்தால் கண்ணுக்குச் சீக்கிரம் சிக்கும்.

கேள்வியில் இருக்கும் அதே வார்த்தை கட்டுரையிலும் இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். கேள்வியில் 'எக்ஸ்பென்சிவ்' என்று இருந்தால், கட்டுரையில் 'ஹை காஸ்ட்' என்று இருக்கலாம். வார்த்தையைத் தேடாமல் பொருளைத் தேடுங்கள்.

ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்: குழப்பம் ஏன்?

நிறைய பேர் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான். ஒரு உதாரணம் பாருங்கள். கட்டுரையில் 'பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது.

- '20-ம் நூற்றாண்டில் இந்தப் பாலம் திறக்கப்பட்டது' என்றால் ட்ரூ.
- '1930-ல் திறக்கப்பட்டது' என்றால் ஃபால்ஸ். கட்டுரை சொல்வதற்கு நேர் முரண்.
- 'இது இந்தியாவின் முதல் கடல் பாலம்' என்றால்? நாட் கிவன்!

மூன்றாவது நமக்குத் தெரிந்த தகவல்தானே என்று ட்ரூ போட்டால் மதிப்பெண் போச்சு. நமக்குத் தெரிந்தது கணக்கில் வராது, கட்டுரையில் இருப்பதே கணக்கு. முரண்பட்டால் ஃபால்ஸ், பேச்சே இல்லை என்றால் நாட் கிவன். இந்த வகைக் கேள்விகள் கட்டுரை போகும் வரிசையிலேயே வரும் என்பது கூடுதல் வசதி.

பத்திகளுக்குத் தலைப்பு பொருத்தும் கேள்விகள் அப்படி இல்லை. அதில் ஒரு சிறு விவரத்தை வைத்து முடிவு செய்யாமல், பத்தி மொத்தமாக என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

சின்னத் தவறு, முழு மதிப்பெண் காலி

'இரண்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம்' என்று கேட்டால் மூன்று வார்த்தை எழுதக் கூடாது. எழுதினால் விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை. ஸ்பெல்லிங் தவறினாலும் அதே கதிதான். விடை கட்டுரையிலேயே இருக்கிறது, பார்த்து அப்படியே எழுதுங்கள். தவறான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது. அதனால் எந்தக் கேள்வியையும் வெற்றாக விடாதீர்கள்.

எப்படிப் பயிற்சி எடுப்பது?

- முதல் வாரம் நேரம் பார்க்க வேண்டாம். கேள்வி வகைகளைப் புரிந்துகொள்ளுங்கள்.
- இரண்டாவது வாரத்தில் இருந்து ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.
- மூன்றாவது கட்டுரை பெரும்பாலும் கடினம். முதல் கட்டுரையை 15 நிமிடத்தில் முடித்தால், மிச்சமாகும் 5 நிமிடம் அங்கே கைகொடுக்கும்.
- ஒரு கேள்வியில் ஒரு நிமிடத்துக்கு மேல் சிக்கினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் திரும்பி வரலாம்.
- தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். வார்த்தை தெரியவில்லையா, அவசரமா, நாட் கிவன் குழப்பமா? 10 நாளில் உங்கள் பலவீனம் எது என்று நோட்டே சொல்லிவிடும்.
- தினமும் அரை மணி நேரம் அறிவியல், வரலாறு சார்ந்த ஆங்கிலக் கட்டுரை படியுங்கள். தேர்வுக் கட்டுரைகளும் புத்தகம், இதழ், நாளிதழ்களில் இருந்துதான் எடுக்கப்படுகின்றன.

மாதிரித் தேர்வுகள் ஐயெல்ட்ஸின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டி கோச்சிங் சேரும் முன் ஒன்றை எழுதிப் பாருங்கள். 40-க்கு எத்தனை வருகிறது என்று தெரிந்தால், 30-க்கு இன்னும் எத்தனை தேவை என்பதும் தெரிந்துவிடும்.