முக்கொம்பில் பிறந்த நாள்: ஐந்து போன் படங்களும் ஓரிடத்தில்

குடியரசு தினத்தை ஒட்டி இந்த ஜனவரியில் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. நண்பனின் 29-வது பிறந்த நாளை முக்கொம்பில் கொண்டாடுவது என்று முடிவு செய்தோம். நாங்கள் ஐந்து பேர், திருச்சியில் ஒன்றாக இன்ஜினியரிங் படித்தவர்கள். இப்போது இருவர் சென்னையில், இருவர் பெங்களூருவில். பிறந்த நாள்காரன் மட்டும் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறான்.

என்ன பரிசு தருவது என்ற பேச்சு வந்தபோது நால்வருக்கும் ஒரே படம்தான் நினைவுக்கு வந்தது. 2018 ஜனவரி 26 அன்று, கடைசி செமஸ்டரில், அவனுடைய 21-வது பிறந்த நாளுக்கு இதே முக்கொம்பில் எடுத்தது. அதை 12 x 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு பிரேம் செய்துவிடலாம் என்று நினைத்தோம்.

டிபன் பாக்ஸ் மேல் போனைச் சாய்த்து, டைமர் வைத்து எடுத்த படம் அது. எப்போதும் படம் எடுப்பவனும் சேர்ந்து ஐவரும் இருக்கும் படம் அது ஒன்றுதான். இன்னொரு சிறப்பும் உண்டு. எங்களுக்குப் பின்னால் மேலணையின் பழைய மதகுகள் வரிசையாகத் தெரியும். காவிரி இரண்டாகப் பிரிந்து கொள்ளிடம் புறப்படும் இடத்தில், 1836-38ல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை இது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, காவிரியில் வெள்ளம் பெருகி ஓடிய நாட்களில், கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தன. பிறகு சற்றுக் கீழே புதிய கதவணை கட்டப்பட்டது. ஆக, அந்தப் படத்தை இன்னொரு முறை எடுக்கவே முடியாது.

பிரிண்ட் கடைக்காரர் பைலைத் திறந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "சார், இது வாட்ஸ்அப்பில் வந்த படம். ஒரிஜினல் இருந்தால் கொண்டு வாங்க."

ஒரிஜினல் இல்லை. படம் இருந்த போனை 2020ல் ரீசெட் செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம். "அதான் குரூப்பில் இருக்கே" என்று ஐந்து பேரும் நினைத்திருந்தோம். தவறு முழுக்க எங்களுடையதுதான்.

ஏன் பெரிதாக்க முடியவில்லை?

கணக்கு எளிது. நல்ல பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. எங்களிடம் இருந்த பைல் 1600 x 1200 பிக்ஸல். 1600ஐ 300ஆல் வகுத்தால் 5.3 அங்குலம்தான் வரும். அதையே 18 அங்குலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 89 புள்ளிகள்தான் கிடைக்கும், முகங்கள் மங்கிவிடும். 12 மெகாபிக்ஸல் கேமராவின் ஒரிஜினல் படம் 4000 x 3000 பிக்ஸல் இருக்கும். அதை 18 அங்குலத்துக்குப் பெரிதாக்கினாலும் 222 புள்ளிகள் கிடைக்கும். சுவரில் மாட்ட அது தாராளம்.

வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால், வேகமாகப் போய்ச் சேருவதற்காக அது சுருக்கப்படுகிறது. 2023ல் ஹெச்.டி. வசதி வந்தது, அதிலும் ஓரளவு சுருக்கம் உண்டு. படத்தோடு சேர்ந்திருக்கும் எக்ஸிஃப் தகவல்களும் (எடுத்த தேதி, நேரம், கேமரா விவரம்) நீங்கிவிடுகின்றன. விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, பிராபர்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேபைத் திறந்து பாருங்கள். எடுத்த தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், உங்களிடம் இருப்பதும் இப்படிப்பட்ட நகலாக இருக்கலாம்.

புறப்படும் முன்

இந்த முறை முதல் நாள் இரவே சில வேலைகளை முடித்தோம்.

1. எல்லாப் போன்களிலும் தேதி, நேரம் ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா எனப் பார்த்தோம். ஒரு போனின் கடிகாரம் தவறாக இருந்தாலும், படங்களைச் சேர்க்கும்போது கேக் வெட்டிய பிறகு மெழுகுவர்த்தி ஏற்றியது போல வரிசை மாறிவிடும்.

2. ஒருவனிடம் ஐபோன். அதன் படங்கள் ஹெச்.இ.ஐ.சி. பார்மட்டில் பதிவாகும். எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் இவை உடனே திறப்பதில்லை. செட்டிங்ஸ், கேமரா, பார்மட்ஸ் சென்று "மோஸ்ட் கம்பாட்டிபிள்" தேர்ந்தெடுத்தால் ஜேபெக் பைலாகவே கிடைக்கும்.

3. ஒவ்வொரு போனிலும் குறைந்தது 5 ஜி.பி. இடம் காலி செய்தோம். படம் ஒன்று 4 எம்.பி. என்று கொண்டால் 60 படங்களுக்கு 240 எம்.பி. போதும். இடத்தைத் தின்பது வீடியோதான்.

4. பவர் பேங்க், சின்ன டிரைபாட், 64 ஜி.பி. டைப்-சி பென் டிரைவ் ஆகியவற்றைப் புளியோதரைத் தூக்குக்குப் பக்கத்திலேயே எடுத்து வைத்தோம்.

மரத்தடியில் அரை மணி நேரம்

முக்கொம்பு, திருச்சியிலிருந்து கரூர் சாலையில் சுமார் 18 கிலோ மீட்டர். காலையிலேயே போய்விட்டோம். வெயில் ஏறும் முன் கேக் வெட்டினோம். க்ரீம் கேக் அதற்கு மேல் தாங்காது. காகிதத் தட்டுகளையும் கேக் பெட்டியையும் பையில் கட்டித் திரும்ப எடுத்து வந்தோம். படத்துக்காக யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மேலே கதவுகளைத் திறந்தால் நீர் எவ்வளவு சீக்கிரம் உயரும் என்பதைக் கரையில் நின்று கணிக்க முடியாது.

சாப்பிட்டு முடித்ததும், கிளம்பும் முன்பே, எல்லாப் படங்களையும் ஒரே போனில் சேர்த்தோம். "வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன்" என்று சொன்னவர்கள் யாரும் அனுப்பியதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. ஒருவர் ஹாட்ஸ்பாட் ஆன் செய்து, மற்றவர்கள் அதில் இணைந்தால் போதும். "லோக்கல்சென்ட்" என்ற இலவச அப்ளிகேஷன் ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் மூன்றிலும் இயங்கும். பைல்கள் சுருக்கப்படாமல் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டு போன்களுக்குள் மட்டும் என்றால் குவிக் ஷேர் வசதியே போதும். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால், படத்தை டாகுமெண்டாக இணைத்து அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரிஜினல் பைலில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். வீட்டில் எடுத்த படத்தை அப்படியே முன்பின் தெரியாதவர்களுக்குத் தர வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும்

அன்று இரவு ஸ்ரீரங்கத்தில் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் "2026-01-24 முக்கொம்பு" என ஒரு போல்டர் உருவாக்கினோம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால், போல்டர்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். படங்களை "டேட் டேக்கன்" முறையில் அடுக்கியதும் ஐந்து போன் படங்களும் ஒரே கதையாக வந்துவிட்டன.

பாதுகாப்புக்கு 3-2-1 என்ற விதியைப் பின்பற்றலாம். மூன்று நகல்கள், இரண்டு வகை சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். எங்கள் நகல் ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில், மூன்றாவது கூகுள் போட்டோஸில். கூகுள் போட்டோஸில் ஏற்றும்போது "ஒரிஜினல் குவாலிட்டி" தேர்ந்தெடுக்கவும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடம் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் முதல் சுருக்கிய படங்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம். எனவே அவ்வப்போது உள்ளே சென்று பாருங்கள். பென் டிரைவ் எடுத்துச் செல்லத்தான். அதில் மட்டுமே படங்களை வைத்திருக்க வேண்டாம்.

பரிசு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பழைய படத்தை 4 x 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டோம். அந்த அளவில் அது தெளிவாகவே வந்தது. பெரிய பிரேமுக்கு, டிரைபாடில் வைத்து எடுத்த புதிய படம். இரண்டையும் கொடுத்தபோது அவன் சின்னப் படத்தைத்தான் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "மதகு எல்லாம் அப்படியே இருக்குடா" என்றான்.

உங்கள் கல்லூரிக் காலப் படங்களின் ஒரிஜினல் யாருடைய பழைய போனில் இருக்கிறது? அந்த போன் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் முன், இந்த வாரமே நண்பரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.