வீட்டுப்பாடம்: எத்தனை நிமிடம் போதும்?



இரவு மணி பத்து. இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை பென்சிலைப் பிடித்தபடியே தூங்கி விழுகிறது. "இன்னும் ஒரு பக்கம்தான், முடி!" என்று அம்மா அதட்டுகிறார். இது உங்கள் வீட்டிலும் நடக்கிறதா?

எளிய கணக்கு ஒன்று உண்டு. ஓர் ஆண்டுக்குப் பத்து நிமிடம். முதலாம் ஆண்டுக்கு 10 நிமிடம், மூன்றாம் ஆண்டுக்கு 30, ஆறாம் ஆண்டுக்கு 60. எல்லாப் பாடங்களும் சேர்த்துத்தான் இது! அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹாரிஸ் கூப்பர் இந்தக் கணக்கை ஆதரிப்பவர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் அவர் வெளியிட்ட கட்டுரை என்ன சொல்கிறது? வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு இடைநிலைப்பள்ளியில்தான் வலுவாக இருக்கிறது; சின்ன வகுப்புகளில் அது மிகக் குறைவு.

அப்படியானால் வீட்டுப்பாடமே வேண்டாமா? வேண்டும். ஓரிடத்தில் உட்கார்ந்து, எடுத்த வேலையை முடிக்கும் பழக்கம் அதில்தான் வருகிறது. அந்தப் பழக்கத்துக்குச் சிறிது நேரமே போதும்.

பிறகு ஏன் சுமை ஏறுகிறது? தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் என ஐந்து ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கொடுக்கிறார்கள். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் என்றாலும் மொத்தம் 75 நிமிடம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு உரிய அளவோ 20 நிமிடம்! ஆசிரியர் எவர்மீதும் குற்றமில்லை. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரிவதில்லை. இதற்குமேல் டியூஷன் பயிற்சி வேறு. நம் நாட்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆனால் 'ஏ'க்களை எண்ணிப் பழகிய நம் பயம் இன்னும் போகவில்லை.

பெற்றோர்களே, கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளை கவனமாகச் செய்தும் உரிய நேரம் கடந்துவிட்டால் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். "20 நிமிடம் முயன்றான், இவ்வளவுதான் முடிந்தது" என்று ஓரத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். நீங்களே விடையைச் சொல்லி எழுத வைக்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால், பிள்ளைக்கு எது புரியவில்லை என்பது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒன்று கேளுங்கள். அன்றன்று கொடுக்கும் வீட்டுப்பாடத்தை ஒவ்வோர் ஆசிரியரும் வகுப்பறைப் பலகையின் ஓரத்தில் நிமிடக் கணக்கோடு எழுதி வைக்கட்டும். அடுத்து வரும் ஆசிரியர் அதைப் பார்த்துக் குறைத்துக் கொடுப்பார். பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகத்துக்கும் விளையாட்டுக்கும் நேரம் கிடைக்கும். நேரத்தோடு தூங்கவும் முடியும்.