வாசல் கால்வாய்க்கு யார் பொறுப்பு?

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் தாமானில் கால்வாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வீட்டு முன்னறை வரை வந்துவிட்டது. அம்மா அரிசி மூட்டையை மேசைமேல் தூக்கி வைத்தார். தாத்தாவை நாற்காலியோடு சமையலறைக்கு மாற்றினோம். மறுநாள் அப்பா மன்ற அலுவலகத்துக்குப் போனார். குத்தகையாளரிடம் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போனார். பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டார்கள். கால்வாய் அப்படியே கிடந்தது.

"நம்ம தாமானுக்குக் கவுன்சிலர் யாருப்பா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நாமளா ஓட்டுப் போட்டோம்?" என்றார் அப்பா.

சமையலறையிலிருந்து தாத்தாவின் குரல் வந்தது. "நாங்க போட்டோமே! பினாங்குல இருந்தப்போ கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டிருக்கேன்."

தொண்ணூறை நெருங்கும் தாத்தா எதையோ குழப்பிக்கொள்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்று தெரிந்தது. தாத்தாவுக்கு இருந்த ஓர் உரிமை அப்பாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அந்த உரிமை எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மூன்று அரசு, இரண்டு வாக்கு

நம் நாட்டில் அரசாங்கம் மூன்று அடுக்குகளில் இயங்குகிறது. மேலே கூட்டரசு, நடுவில் மாநில அரசு, கீழே ஊராட்சி மன்றம். மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் என்ற பெயர்களில் நாடு முழுவதும் 150க்கு மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் உள்ளன. தீபகற்பத்தில் வாழும் வாக்காளருக்கு நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்கு, சட்டமன்றத்துக்கு ஒரு வாக்கு. மூன்றாம் அடுக்குக்கு வாக்குச்சீட்டே கிடையாது. கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் சட்டமன்றமும் இல்லாததால், அங்குள்ளவர்களுக்கு ஒரே ஒரு வாக்குதான்.

ஆனால் நம் அன்றாட வாழ்வை அதிகம் தொடுவது இந்த மூன்றாம் அடுக்குதான். அங்காடிக் கடைக்கும் உணவகத்துக்கும் உரிமம் வழங்குவது, பசார் மாலாமுக்கு இடம் ஒதுக்குவது, கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பது, வாகன நிறுத்துமிடம், பூங்கா, தாமான் சாலை, தெருவோரக் கால்வாய் என எல்லாம் ஊராட்சி மன்றத்தின் வேலை. எந்த நிலத்தில் வீடு வரலாம், எங்கே தொழிற்சாலை வரலாம், வழிபாட்டுத் தலத்துக்கும் இடுகாட்டுக்கும் எங்கே இடம் என்பதைக் காட்டும் உள்ளூர்த் திட்டத்தைத் தயாரிப்பதும் அதுவே.

இதற்காக நாம் வரியும் கட்டுகிறோம். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் செலுத்தும் வீட்டு வரி, அதாவது மதிப்பீட்டு வரி, நேராக ஊராட்சி மன்றத்துக்குப் போகிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, ஒரு வீட்டின் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை இவ்வரியை விதிக்கலாம். நடைமுறையில் அதைவிட மிகக் குறைவாகவே விதிக்கப்படுகிறது என்றாலும், சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம் சிறியதன்று. வரி விதிக்கும் மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதில் மட்டும் நமக்குப் பங்கில்லை.

நாட்டின் முதல் வாக்குச்சீட்டு

மலாயா மக்கள் வாக்களிக்கக் கற்றுக்கொண்டதே ஊராட்சித் தேர்தலில்தான் என்றால் வியப்பாக இருக்கலாம். பினாங்கில் வரி செலுத்துவோர் நகராட்சி ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1857இலேயே தொடங்கி, 1913இல் காலனித்துவ ஆட்சியினரால் நிறுத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1950இல் ஊராட்சித் தேர்தல் சட்டம் வந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் தேர்தல் நடந்தது. நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1955இல்தான் நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் நடந்தது. அதில் அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்துப் போட்டியிட்டு 12 இடங்களில் 9ஐ வென்றன. பின்னர் ம.இ.கா.வும் சேர்ந்து அமைந்த கூட்டணிக்கு அதுவே விதை. நாட்டைப் பல்லாண்டு ஆண்ட அரசியல் சூத்திரம் ஒரு நகராட்சித் தேர்தலில் பிறந்தது. அதே 1952இல் புதுக்கிராமங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் அமைக்கச் சட்டம் வந்தது. ஆகவே இது பெருநகரத்தாருக்கு மட்டும் உரிய சலுகையாக இருக்கவில்லை.

1957 ஜனவரி 1ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மாநகர் ஆனது. அதன் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். மக்கள் மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்; அவர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். நாடு சுதந்திரம் பெறுவதற்கு எட்டு மாதம் முன்பே, சீனர் அதிகம் வாழ்ந்த ஒரு நகரில், நம்மவர் ஒருவர் மேயராக அமர்ந்திருக்கிறார். இன்றும் அவர் பெயரில் பினாங்கில் ஒரு சாலை உண்டு. அதில் பயணம் செய்யும் நம்மில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

'தற்காலிகம்' என்றார்கள்

1963இல் தொடங்கிய இந்தோனேசிய எதிர்ப்பு நடவடிக்கையால் நாட்டில் பாதுகாப்பு நெருக்கடி நிலவியது. அதைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் நடத்தப்படும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1966 ஆகஸ்டில் இந்தோனேசியாவுடன் அமைதி உடன்பாடும் ஏற்பட்டது. தேர்தல் மட்டும் திரும்பவில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் பேசப்படுகின்றன. சில மன்றங்களில் நிர்வாகச் சீர்கேடு இருப்பதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகளை 1966இல் மாநில அரசே எடுத்துக்கொண்டது. இது ஒன்று. நகர்ப்புற மன்றங்களில் எதிர்க்கட்சிகள் வலுவாக இருந்தது மற்றொன்று. இரண்டாவது காரணத்தை ஆட்சியாளர்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

ஆதி நாகப்பன் தலைமையில் ஓர் ஆணையம்

தேர்தல் நிறுத்தப்பட்ட அதே 1965ஆம் ஆண்டில், மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சிராணிப் படையில் பணியாற்றிய ஜானகியின் கணவர் என்றால் பலருக்கு எளிதில் புரியும். நாட்டு வரலாற்றின் முக்கியமான அறிக்கைகளில் ஒன்று 'நாகப்பன் அறிக்கை' என்றே இன்றும் அழைக்கப்படுகிறது.

1968 டிசம்பரில் ஆணையம் அறிக்கையைச் சமர்ப்பித்தது. ஆளுங்கட்சிக் கூட்டணியைச் சேர்ந்தவர் தலைமை வகித்ததால், அரசாங்கம் விரும்பியதைத்தான் எழுதியிருப்பார்கள் என்று நாம் எண்ணக்கூடும். மன்றங்களின் குறைகளை ஆணையம் மூடி மறைக்கவில்லை. ஆனாலும் ஊராட்சி மன்றங்களில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நோயாளிக்கு மருந்து கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் மூச்சையே நிறுத்திவிட்டார்கள் என்றுதான் பின்னால் நடந்ததைச் சொல்லத் தோன்றுகிறது.

அறிக்கை வெளிவருவதற்குள் 1969 மே கலவரம் நிகழ்ந்து, நாட்டின் அரசியல் சூழலே மாறிவிட்டது. தேர்தல் குறித்த பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. 1976இல் ஊராட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 10ஆம் பிரிவின்படி, மேயர் அல்லது தலைவரோடு 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும். 15ஆம் பிரிவு, ஊராட்சித் தேர்தல் தொடர்பான எல்லாச் சட்ட விதிகளும் செல்லாது என்றது. பதினோர் ஆண்டு தற்காலிகமாக இருந்தது அன்று நிரந்தரமானது.

மீண்டும் எழுந்த கேள்வி

2008 பொதுத்தேர்தலுக்குப் பின் பினாங்கில் அமைந்த மாநில அரசு, ஊராட்சித் தேர்தலை மீட்டெடுக்க 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. கூட்டரசு அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் ஊராட்சியும் இடம்பெற்றிருக்கிறது என்பதே அதன் வாதம். 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஊராட்சித் தேர்தல் நடத்த மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே இனி நாடாளுமன்றம் 1976 சட்டத்தைத் திருத்தினால்தான் வழி பிறக்கும்.

எதிர்ப்பவர்கள் சொல்லும் முதன்மையான காரணம் இனம். ஊராட்சித் தேர்தல் வந்தால் நகரங்கள் ஓர் இனத்தாரின் கைக்குப் போய்விடும், அதனால் பிணக்கு வளரும் என்கிறார்கள். 2015இல் பாஸ் கட்சித் தலைவர் அப்துல் ஹாடி அவாங்கும், 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் மகாதீரும் இத்தகைய அச்சத்தை வெளியிட்டனர். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த அச்சம் 1960களின் நகரங்களைப் பார்த்து எழுந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் நான்கில் மூவர் நகர்ப்புறவாசிகள். எல்லா இனத்தாரும் இன்று நகரங்களில் வாழ்கிறார்கள். எல்லார் வீட்டு வாசலிலும் கால்வாய் அடைக்கிறது.

நமக்கு நட்டமா, இலாபமா?

நண்பர்களிடையே இதைப் பற்றிப் பேசியபோது ஒருவர் நேர்மையாகக் கேட்டார்: "நியமனம்னா கட்சிக் கணக்குல நமக்கு ஒண்ணு ரெண்டு இடமாவது கெடைக்குது. தேர்தல் வந்தா நாம எங்க ஜெயிக்கிறது?"

சிதறி வாழும் சிறுபான்மையினரான நமக்கு இக்கேள்வி உண்மையானது. ஆனால் நியமனத்தில் வரும் உறுப்பினர் யாருக்குக் கடன்பட்டவர்? தம்மை நியமித்தவர்களுக்குத்தானே! 2007 அக்டோபர் 30இல், தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த நிலையில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயத்தை மாநகர் மன்றம் இடித்தது. நில உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். அன்று அந்த வட்டார மக்கள், "எங்கள் ஓட்டில் வந்தவர் நீங்கள், பதில் சொல்லுங்கள்" என்று கேட்க மன்றத்தில் ஒருவர்கூட இல்லை. அந்தக் கோபம் நாடாளுமன்றத் தேர்தல்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மேலும், சட்டமன்றத் தொகுதியில் நாம் சிறு பங்கு. ஆனால் நம்மவர் சேர்ந்து வாழும் தாமானும் அடுக்குமாடி வீடுகளும் அடங்கிய சிறிய வட்டாரத்தில் நம் வாக்குக்கு எடை கூடும். பிற இனத்தாரின் நம்பிக்கையையும் பெற்று வெல்ல முடியும் என்பதற்கு இராமநாதனே சான்று. 2023இல் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மேயராக நம்மவர் ஒருவர், அ. இராஜேந்திரன், நியமிக்கப்பட்டார். மகிழ்ச்சிதான். ஆனால் 1957இல் வாக்குப்பெட்டி வழியே வந்த பதவி, 2023இல் நியமனக் கடிதத்தின் வழியே வந்தது என்பதையும் மறக்கலாகாது.

இன்று நம் கையில் இருப்பவை

தேர்தல் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 1976 சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானிக்காவிட்டால், அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. வீட்டு மதிப்பீடு உயர்த்தப்படும்போது எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்ட வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பார்த்துக் கருத்துக் கூறலாம். நம் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அந்த வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கின்றன என்பதை இடிப்பு அறிவிக்கை வந்தபின் அறிவதைவிட முன்பே அறிவது நல்லது.

யாரிடம் போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஆறு, முதன்மை வடிகால் என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. நெடுஞ்சாலை என்றால் பொதுப்பணி இலாகா. ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் 2011 செப்டம்பர் முதல் குப்பை அகற்றும் பொறுப்பு கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. சிலாங்கூர், பேராக், பினாங்கு போன்ற மாநிலங்கள் அதில் சேரவில்லை.

எங்கள் தாமான் கதையை முடித்துவிடுகிறேன். மன்றத்தின் இணையப்பக்கத்தில் தேடி எங்கள் வட்டார உறுப்பினரின் பெயரைக் கண்டுபிடித்தேன். 23 வீட்டார் கையொப்பமிட்ட கடிதத்தோடு அப்பாவும் நானும் அவரைப் பார்த்தோம். நல்ல மனிதர். அவருக்கு எங்கள் தெரு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நாங்கள் வழி சொன்னோம். ஒரு மாதத்தில் கால்வாய் தூர்வாரப்பட்டது.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். "எங்க கவுன்சிலருக்கு எங்க தெரு தெரியும். ஓட்டுக் கேட்டு நடந்து வந்தவராச்சே" என்றார்.