பிள்ளைப்பேற்றுக்குப் பின் அடிவயிற்றுப் பாரம்: ஸ்கேன் எப்போது?

பாம்பன், சின்னப்பாலம் கரைகளில் பாசி எடுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் கடலில் மூழ்கியெழுந்து, ஈரப் பாசியைச் சுமந்து வருகிறார்கள். இருமும்போது கசியும் சிறுநீர் நனைந்த சேலைக்குள் எவருக்கும் தெரியாது. அடியில் ஏதோ இறங்கி நிற்பதுபோன்ற பாரத்தையும் சொல்லக் கூசுவார்கள். சொன்னாலும், “பிள்ளை பெற்றால் அப்படித்தான்” என்று வீட்டார் முடித்துவிடுவர். அப்படியன்று, இதற்குச் சிகிச்சை உண்டு.

கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் தசைகள் பிரசவத்தில் நெகிழ்வதே பெரும்பாலும் காரணம். இதை மருத்துவர் நேரில் பரிசோதித்தே அறிந்துகொள்வார். ஸ்கேன் எழுதித் தரவில்லையே என்று குறைபட வேண்டாம். அத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கற்றுக்கொண்டு, நாள்தோறும் 3 மாதமாவது செய்தால் பலருக்குக் கசிவு குறையும். அதுவரை தண்ணீர்க் குடத்தையும் பாசி மூட்டையையும் வீட்டில் வேறொருவர் தூக்கட்டும்.

சிறுநீர் முழுதும் வெளியேறாவிட்டால், எவ்வளவு தங்குகிறது என்பதை ஸ்கேன் காட்டும். மலத்தையோ வாயுவையோ அடக்க இயலாதவருக்கு, ஆசனவாய்த் தசையில் கிழிசல் உண்டா என்று ஸ்கேனில் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது சிலருக்கே. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, மிகுந்த உதிரப்போக்கு, சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வாருங்கள். நெடுநேரம் வலிகண்டு பெற்ற தாய்க்கு இரவுபகலாகச் சிறுநீர் ஓயாமல் வழிந்தால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். அது பயிற்சியால் தீராது. உடனே அழைத்து வாருங்கள்.