ஓரிக்குத் தேவைப்படாத இரண்டாம் அம்பு

சேலம் வரை போனால், வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை ரொம்ப தூரமில்லை. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என நான்கையும் துளைத்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் தைத்ததாம். புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். புலவர் கொஞ்சம் தாராளமாகவே பாடிவிட்டார் போல!

அமெரிக்க மலைக்காடுகளில் வில்லோடு எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கணக்கு வேறு. எல்க்குக்கு நம்ம கடமானைவிடப் பெரிய உடம்பு. துப்பாக்கிக் குண்டுபோல அம்பு அதிர்ச்சியில் சாய்க்காது; ரத்தம் வடிந்துதான் மான் விழும். அதற்குள் வெகுதூரம் ஓடியும் விடும். அதனால் முதல் அம்பு பட்டதும் வேடிக்கை பார்க்காமல், சத்தமின்றி அடுத்ததை நாணில் பூட்டுவார்கள். எங்கிருந்து அடி விழுந்தது என்று தெரியாமல் மான் நின்றால், உடனே இரண்டாவதும் பாயும். வதை நீளக்கூடாதே!

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். வில் பிடிக்க ஆசையா? ஆடியில் கொல்லிமலைச் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்குப் போங்க. வில்வித்தைப் போட்டி உண்டு.